வலது கண்ணுல தானியம், இடது கண்ணுல பருந்து
வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "கோழிக்குஞ்சு முட்டைக்குள்ள இருக்கும்போதே வெளிச்சம் பட்டுத்தான் அதோட மூளை இடது வலதுன்னு வேலைய பிரிச்சுக்குது"ன்னு போற போக்குல ரெண்டு வரி எழுதிட்டுப் போயிட்டேன். அதுக்கு வந்த கேள்வி இவ்வளவுன்னு நான் எதிர்பார்க்கவே இல்ல. கோழி வளர்க்குறவங்க, புறா வளர்க்குறவங்க, ஒரு அம்மா, ஒரு ஒன்பதாங்கிளாஸ் பையன்னு எல்லாரும் எழுதியிருக்காங்க. இந்த மாசம் வேற சப்ஜெக்டே கிடையாது, இதுதான்.

கேள்வி: எங்க வீட்டுக் கோழி பருந்து வந்தா தலைய ஒரு பக்கமா சாய்ச்சு ஒத்தக் கண்ணால மேல பாக்குது. ரெண்டு கண்ணு இருக்கே, நேரா பாக்க வேண்டியதுதானே? (அரியலூர் பக்கத்துல இருந்து ஒரு வாசகர்)

நமக்கு ரெண்டு கண்ணும் முகத்துல முன்னாடி இருக்கு, அதனால எத பாத்தாலும் ரெண்டு கண்ணும் சேர்ந்துதான் பாக்கும். கோழிக்கு கண்ணு தலையோட ரெண்டு பக்கமும் இருக்கு. அலகுக்கு நேர் எதிர்ல இருக்குற ஒரு சின்ன துண்ட மட்டும்தான் ரெண்டு கண்ணும் சேர்ந்து பாக்கும், மத்த எல்லாம் அந்தந்தக் கண்ணோட தனி ராஜ்யம். ஆகாயத்த பாக்கணும்னா தலைய சாய்ச்சு ஒரு கண்ண மேல திருப்புறத தவிர அதுக்கு வேற வழி இல்ல.

ஆனா சுவாரஸ்யமே எந்தக் கண்ணங்கறதுலதான் இருக்கு. பறவைகளுக்கு பார்வை நரம்பு கிட்டத்தட்ட முழுசா குறுக்க போகுது, இடது கண்ணு பாக்குறது மூளையோட வலது பாதிக்கு, வலது கண்ணு பாக்குறது இடது பாதிக்கு. நம்ம மூளையில ரெண்டு பாதிக்கும் நடுவுல பெரிய பாலம் மாதிரி ஒரு நரம்புக் கட்டு இருக்கு, பறவைக்கு அதுவும் கிடையாது, சின்னச் சின்ன இணைப்புகள் மட்டும்தான். அதனால ஒரு கண்ண மூடிட்டா பாதி மூளைய கேள்வி கேட்ட மாதிரி. ஆராய்ச்சிக்காரங்களுக்கு இத விட வசதி வேற என்ன வேணும், சொல்லுங்க.

அப்படி கேட்டுப் பாத்ததுல தெரிஞ்சது: வலது கண்ணு, அதாவது இடது மூளை, இது தீனி இது கல்லுன்னு தரம் பிரிக்கிறதுல கெட்டி. இடது கண்ணு, அதாவது வலது மூளை, புதுசா ஏதாவது வந்தா, ஆபத்து வந்தா, சண்டைன்னு வந்தா முன்னால நிக்கும். மேல பருந்து மாதிரி ஒரு உருவம் போனா குஞ்சு இடது கண்ணுல பட்டப்ப சீக்கிரமா உஷாராகுது. எச்சரிக்கை சத்தம் கேட்ட கோழியும் பெரும்பாலும் இடது கண்ணத்தான் மேல திருப்புது. உங்க கோழி எந்தக் கண்ண திருப்புதுன்னு கவனிச்சீங்களா?

கேள்வி: இது பிறவியிலயே வர்ற குணம்தானே? இதுல வெளிச்சம் எங்க வந்தது? முட்டைக்குள்ள ஏது சார் வெளிச்சம்? (மூணு பேர் இதையே கேட்டிருக்காங்க, எல்லாருக்கும் சேர்த்து பதில்)

முட்டைக்குள்ள கும்மிருட்டுன்னுதான் எல்லாரும் நினைக்கிறோம், ஆனா கரு பிடிச்சிருக்கா கூமுட்டையான்னு பாக்க ராத்திரி டார்ச்ச வச்சு முட்டைய காட்டிப் பாப்பாங்களே, ரத்தநாளம் எல்லாம் செவப்பா தெரியுமே, அப்ப ஓடு வெளிச்சத்த விடுதுன்னுதானே அர்த்தம். வெளியில இருந்து நாம உள்ள பாக்க முடியுதுன்னா உள்ள இருக்குறவனுக்கும் அந்த வெளிச்சம் வரும்.

இப்ப உள்ள அவன் எப்படி படுத்திருக்கான்னு பாக்கணும். கோழி முட்டை பொரிய 21 நாள். கடைசி நாலஞ்சு நாள்ல இடம் பத்தாம குஞ்சு உடம்ப மடிச்சு, தலைய வலது பக்கமா திருப்பி, அலக வலது றெக்கைக்கு அடியில சொருகிக்கிட்டு முட்டையோட அகலமான முனையில இருக்குற காத்து அறை பக்கமா முகத்த வச்சுக்கும். கிட்டத்தட்ட எல்லாக் குஞ்சும் இதே மாதிரிதான். இப்படி படுத்தா இடது கண்ணு அதோட சொந்த உடம்புலயே அமுங்கிப் போயிடும், வலது கண்ணு ஓட்ட ஒட்டி இருக்கும். ஓட்டு வழியா வர்ற வெளிச்சம் வலது கண்ணுக்கு மட்டும்தான். சரியா அந்த நேரத்துலதான் கண்ணுல இருந்து மூளைக்கு போற வயரிங் வேலையும் மும்முரமா நடக்குது.

இத கண்டுபிடிச்சது லெஸ்லி ராஜர்ஸ்னு ஒரு ஆஸ்திரேலிய விஞ்ஞானி. 1970கள்ல ஒருத்தர் பறவைக்கும் இடது மூளை வலது மூளைன்னு வித்தியாசம் இருக்குன்னு சொன்னா எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, அப்ப அது மனுஷனுக்கு மட்டும் உள்ள பெருமை, பேச்சுக்கும் கைக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்னு நம்பிக்கிட்டு இருந்த காலம். அதுக்கு முன்னாடியே நாட்டபோம்ங்கற ஆராய்ச்சியாளர் ஷாஃபிஞ்ச்னு ஒரு பாடுற குருவிக்கு குரல் உறுப்புக்கு போற இடது பக்க நரம்ப வெட்டினா பாட்டு பெரும்பாலும் போயிடுது, வலது பக்கத்த வெட்டினா பெருசா ஒண்ணும் ஆகலன்னு காட்டி ஒரு கதவ திறந்து வச்சிருந்தார். ராஜர்ஸ் குஞ்சோட மூளையில ஒரு பாதிக்கு மட்டும் புரத உற்பத்திய நிறுத்துற ஒரு மருந்த ஊசி போட்டாங்க. இடது பாதிக்கு போட்டா குஞ்சு தானியத்தையும் கல்லையும் பிரிக்க கத்துக்க முடியாம திணறுது, வலது பாதிக்கு போட்டா அந்த வேலையில ஒண்ணும் ஆகல. அப்ப வேலை ரெண்டு பாதிக்கும் சமமா இல்ல. இது எங்க இருந்து வந்தது?

அடுத்து வந்த பதில்தான் நான் திரும்பத் திரும்ப வியக்கிறது. 1982ல அவங்க நேச்சர்ங்கற அறிவியல் பத்திரிகையில எழுதினது: முட்டைகள இருட்டுலயே வச்சுப் பொரிக்க வச்சா அந்த மாதிரி பல வித்தியாசங்கள் வழக்கமான மாதிரி வரல. கடைசி கட்டத்துல ரெண்டு மூணு மணி நேர வெளிச்சமே போதும், வித்தியாசம் வந்துடுது. ரெண்டு மணி நேரம்! ஒரு கரண்ட் கட்டுக்குள்ள அடங்கிடும்.

அதுல கூட ஒருத்தர் எதிர்க்கேள்வி கேக்கலாம், வெளிச்சம் சும்மா ஒரு தூண்டுதல்தான், இடது மூளைதான் தானியம் பாக்கும்ங்கறது ஜீன்ல எழுதியிருக்கலாமேன்னு. அதுக்கும் சோதனை செஞ்சாங்க. பொரியறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடி காத்து அறை பக்கம் ஓட்ட உடைச்சு, குஞ்சோட தலைய மட்டும் மெதுவா வெளிய எடுத்து, வலது கண்ண மூடிட்டு இடது கண்ணுக்கு வெளிச்சம் காட்டினாங்க. அப்படி பொரிஞ்ச குஞ்சுகளுக்கு எல்லாம் தலைகீழ். இடது கண்ணு தானியம் பாக்குது, கண்ணுல இருந்து மூளைக்கு போற நரம்பு இணைப்பு ஒரு பக்கம் அதிகமா இருக்குமே, அந்த ஏற்றத்தாழ்வும் பக்கம் மாறிடுச்சு. அதாவது எந்தக் கண்ணுக்கு வெளிச்சம் பட்டதோ அதுக்கு அந்த வேலை.

அப்ப ஜீனுக்கு வேலையே இல்லையான்னா, இருக்கு. தலைய எந்தப் பக்கம் திருப்பணும்ங்கறது உடம்பு எந்தப் பக்கமா முறுக்கிக்குதுங்கறத பொறுத்தது, அது இதயம் இடது பக்கம் உக்கார்றது மாதிரி கரு உருவாகுற ஆரம்பத்துலயே தீர்மானமாகிடுது. படுக்கைய ஜீன் போட்டுக் குடுக்குது, மிச்சத்த வெயில் செய்யுது. எல்லா இடது வலது வித்தியாசமும் இப்படித்தான்னு எடுத்துக்காதீங்க, வெளிச்சமே படாத குஞ்சுலயும் சிலது இருக்கத்தான் செய்யுது.

கேள்வி: சரி, இதனால கோழிக்கு என்ன லாபம்? ரெண்டு பாதியும் ரெண்டு வேலையும் செஞ்சா இன்னும் நல்லதுதானே? (கோவை வாசகி)

நியாயமான சந்தேகம்ங்க. ஒரு பக்கம் மட்டும் பருந்த பாக்கும்னா பருந்துக்கு மறு பக்கம் வர கத்துக்கிட்டா போதுமே. அப்படியும் இந்த ஏற்பாடு ஏன் நீடிச்சதுன்னு கேட்டு 2004ல ராஜர்ஸும் இத்தாலிக்காரங்க சுக்கா, வல்லோர்த்திகாராவும் சேர்ந்து ஒரு சோதனை செஞ்சாங்க. வெளிச்சம் பட்ட குஞ்சு ஒரு கூட்டம், இருட்டுல பொரிஞ்சது ஒரு கூட்டம். தரையில கல்லுக்கு நடுவுல தானியம், மேல பருந்து மாதிரி ஒரு அட்டை உருவம் நகரும். வெறும் தானியம் பொறுக்குற வேலை மட்டும்னா ரெண்டு கூட்டமும் ஒண்ணாத்தான் செய்யுது. பருந்தையும் சேர்த்து வச்சதும் இருட்டுக் குஞ்சுங்க சொதப்புது, போகப்போக கல்லையே அதிகமா கொத்துது, பருந்தையும் லேட்டாத்தான் கவனிக்குது. வெளிச்சக் குஞ்சுங்க மேய்ஞ்சுக்கிட்டே காவலும் காக்குது.

சமையல் ஒரு அடுப்புல, பால் ஒரு அடுப்புலன்னு வச்சா பொங்காது, ரெண்டையும் ஒரே அடுப்புல மாத்தி மாத்தி வச்சாத்தான் ரெண்டும் கெடும். அதே கதைதான் இதுவும்.

இன்னொன்னு, வெளிச்சம் பட்ட குஞ்சுக் கூட்டத்துல யாரு பெரியவன்ங்கற வரிசை நிலையா இருக்கும், இருட்டுக் கூட்டத்துல அது அடிக்கடி மாறிக்கிட்டே இருக்கும்னும் பாத்திருக்காங்க. எல்லாருக்கும் ஒரே பக்கம் சாய்வு இருந்தா அடுத்தவன் என்ன செய்வான்னு ஊகிக்க முடியும், அதனால இருக்கலாம்னு ஒரு விளக்கம் சொல்றாங்க. எனக்கு அது முழுசா திருப்தி இல்ல, ஆனா என் திருப்திய யாரு கேட்டா.

கேள்வி: நான் புறா வளர்க்குறேன். புறாக்குஞ்சு பொரியறப்ப கண்ணே தொறந்திருக்காது. அதுக்கும் இது பொருந்துமா? (சென்னை, வியாசர்பாடி)

பொருந்தும், ஆனா கோழி மாதிரியே இல்ல. கோழிக்குஞ்சு பொரிஞ்ச அன்னைக்கே ஓடி தீனி பொறுக்கும், அதனால முட்டைக்குள்ளயே கிட்டத்தட்ட எல்லா வேலையும் முடிச்சுட்டு வருது. புறாக்குஞ்சு கண்ணு மூடி, மேல மஞ்சள் முடியோட, ஒண்ணுக்கும் உதவாம வெளிய வரும், உங்களுக்கு நான் சொல்லணுமா. அதோட மூளை வேலை பொரிஞ்ச பிறகும் ரொம்ப நாள் நடக்குது.

ஜெர்மனியில போஹும்னு ஒரு நகரத்துல ரூர் பல்கலைக்கழகம் இருக்கு. அங்க ஒனூர் குந்துர்குன்னு துருக்கியில பிறந்த ஒரு பேராசிரியர் புறா மூளையிலயே பல வருஷத்த கழிச்சிருக்கார். புறாவும் முட்டைக்குள்ள கோழி மாதிரியே வலது கண்ண ஓட்டுப் பக்கம் வச்சுத்தான் படுக்குது, இருட்டுல பொரிஞ்ச புறாவுக்கு தானியம் பிரிக்கிறதுல வலது கண்ணோட கெட்டித்தனம் வரல. ஆனா பொரிஞ்ச பிறகு பத்து நாள் வலது கண்ண மூடி வச்சாலே பக்கம் திரும்பிடுதுன்னு அவரும் மார்ட்டினா மான்ஸ்ங்கற ஆராய்ச்சியாளரும் காட்டினாங்க, கோழிக்கு முட்டைக்குள்ளயே மூடிடுற கதவு புறாவுக்கு கூட்டுக்கு வந்த பிறகும் திறந்திருக்கு. இன்னொரு வித்தியாசமும் உண்டு. கோழிக்கு நரம்பு இணைப்புல உள்ள அந்த ஏற்றத்தாழ்வு பொரிஞ்சு மூணு வாரம் வாக்குல மறைஞ்சிடுது, புறாவுக்கு வேற ஒரு பார்வைப் பாதையில அது உருவாகி ஆயுசுக்கும் நிக்குது.

புறாவோட ஞாபகசக்தி உங்களுக்குத் தெரியும், எத்தன கிலோமீட்டர் தள்ளி விட்டாலும் வீட்டுக்கு வந்துடும். 725 உருவப்படங்கள காட்டி அதுல எத கொத்தினா தீனி வரும், எதுக்கு வராதுன்னு புறாவுக்கு பழக்கி, அப்புறம் ஒரு கண்ண மூடி சோதிச்சாங்க. வலது கண்ணு திறந்திருந்தா நல்லா ஞாபகம் வச்சிருக்கு, இடது கண்ணுக்கு ரொம்ப சுமார்.

அதையும் விட எனக்குப் பிடிச்சது 2012ல மான்ஸ் குழு செஞ்சது. நிறங்கள்ல இத விட இது ஒசத்தின்னு ஒரு வரிசை வச்சு, பாதி வரிசைய ஒரு கண்ணுக்கு, மீதி வரிசைய இன்னொரு கண்ணுக்கு தனித்தனியா சொல்லிக் குடுத்தாங்க. அப்புறம் ரெண்டு கண்ணையும் திறந்துவிட்டு, ரெண்டு பாதியையும் சேர்த்து யோசிச்சாத்தான் பதில் வரும்ங்கற மாதிரி கேள்வி. முட்டையில வெளிச்சம் பட்ட புறாக்கள் ரெண்டு பாதியையும் கோத்து பதில் சொல்லுச்சு, இருட்டுப் புறாக்களால முடியல. அந்த வெளிச்சம் ரெண்டு பாதிக்கும் வேலைய பிரிச்சுக் குடுக்குறதோட நிக்கல, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கவும் வழி பண்ணுது. இத படிச்ச அன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரல, உண்மையா.

கேள்வி: நான் சின்ன இன்குபேட்டர் வச்சு நாட்டுக்கோழி பொரிக்கிறேன், உள்ள இருட்டுதான். என் குஞ்சுங்க எல்லாம் மக்கா? லைட் போடலாமா? (பல்லடம்)

மக்கு எல்லாம் இல்லண்ணே, மேல பாத்த மாதிரி ஒரே வேலைன்னா இருட்டுக் குஞ்சும் சரியாத்தான் செய்யுது. கொட்டகைக்குள்ள வலை போட்டு வளர்த்தா பருந்தும் இல்ல, கீரியும் இல்ல. வெளிய மேய விடுறீங்கன்னா யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

அடைக்கோழி என்ன செய்யுதுன்னு பாருங்க. நாள் முழுக்க முட்டை மேலயே உக்காந்திருந்தாலும் எப்பவாவது எந்திரிச்சு தீனி தின்னு, தண்ணி குடிச்சு, எச்சம் போட்டுட்டு வரும். அந்த இடைவெளியிலதான் முட்டை மேல வெளிச்சம் விழுது. நீங்களும் கடைசி மூணு நாள்ல அந்த மாதிரி சில மணி நேரம் குடுத்தா போதும், நாள் பூரா எரியவிடணும்னு இல்ல. ஆனா குண்டு பல்பு வேண்டாம், சூட்டுல முட்டை வெந்துடும், சூடு இல்லாத எல்இடி போதும். போட்டதும் தெர்மாமீட்டர பாருங்க, வெப்பமும் ஈரப்பதமும் தப்பிச்சுன்னா மூளை இடதா வலதான்னு ஆராய குஞ்சே இருக்காது. பழுப்பு ஓடு வெள்ளை ஓட்ட விட கொஞ்சம் கம்மியாத்தான் வெளிச்சம் விடும், அதுக்காக முட்டை பக்கத்துல கொண்டு போய் விளக்க வைக்காதீங்க.

கேள்வி: சேவலுக்கும் பொட்டைக்கும் இதுல வித்தியாசம் உண்டா?

உண்டு. நரம்பு இணைப்புல உள்ள ஏற்றத்தாழ்வு சேவல் குஞ்சுல நல்லா தெரியுது, பொட்டையில கம்மி. ஹார்மோனும் உள்ள புகுந்து விளையாடுது, முட்டைக்குள்ள ஆண் ஹார்மோனோ பெண் ஹார்மோனோ பதட்டத்துல சுரக்குற ஹார்மோனோ அளவுக்கு மீறினா வெளிச்சம் பட்டும் அந்த வித்தியாசம் சரியா உருவாகறதில்ல. தாய்க்கோழியோட உடம்புல இருந்து மஞ்சள் கருவுக்கு ஹார்மோன் போகும்ங்கறதையும் சேர்த்து யோசிச்சுக்கோங்க.

கேள்வி: கிளி இடது காலால புடிச்சு சாப்புடுதே, அதுவும் இதுதானா?

பக்கத்து வீட்டுக் கதைன்னு சொல்லலாம். ஆஸ்திரேலியாவுல மஞ்சள் கொண்டை வச்ச வெள்ளை காக்கட்டூங்கற கிளியில பத்துக்கு ஒன்பது இடது காலத்தான் கையா பயன்படுத்தும். எந்தக் கண்ணால பாத்து தீனிய தேர்ந்தெடுக்குதோ அந்தப் பக்கத்துக் காலத்தான் நீட்டுதுன்னு கிளிகள்ல பாத்திருக்காங்க. காலால எடுத்து தின்னாத, நம்ம ஊர்ல லவ்பேர்ட்ஸ்னு சொல்ற சின்ன பட்ஜிக் கிளிக்கெல்லாம் அந்தக் கால் பழக்கம் தெரியறதில்ல.

கேள்வி: என் பையன் இடது கை. வயித்துல இருக்கும்போது வெளிச்சம் சரியா படலையா? ஒரு கண்ண மூடி பழக்கினா மாறுமா? (திருச்சியில இருந்து ஒரு அம்மா)

அம்மா, தயவு செஞ்சு கண்ண கட்டிடாதீங்க. சின்னப் பசங்களுக்கு ஒரு கண்ண காரணம் இல்லாம மூடி வச்சா அந்தக் கண்ணோட பார்வையே மங்கிப்போக வாய்ப்பு இருக்கு, அது கண் டாக்டர் சொல்லி அவர் கண்காணிப்புல மட்டும் செய்யுற வேலை. அதுவும் இல்லாம மனுஷனுக்கு நரம்பு முழுசா குறுக்க போறதில்ல, ஒவ்வொரு கண்ணுல இருந்தும் பாதி அந்தப் பக்கம் பாதி இந்தப் பக்கம். கோழிக் கணக்கு நமக்கு ஒத்து வராது. இடது கை ஒரு குறையும் இல்ல, அவன அவன் கையால எழுத விடுங்க.

கைப் பழக்கம் வயித்துலயே தெரிய ஆரம்பிக்குதுங்கறது மட்டும் உண்மை. வட அயர்லாந்து பெல்ஃபாஸ்ட்ல பீட்டர் ஹெப்பர்னு ஒரு ஆராய்ச்சியாளர் ஸ்கேன்ல கட்டைவிரல் சூப்புற குழந்தைங்கள பாத்து வச்சு, பத்துப் பன்னெண்டு வயசுல திரும்பத் தேடிப் போனார். வலது விரல் சூப்பின 60 பேரும் வலது கை. இடது விரல் சூப்பின 15 பேர்ல 10 பேர் இடது கை, 5 பேர் வலது கைக்கு மாறிட்டாங்க.

நம்ம புறா பேராசிரியர் குந்துர்குன் மனுஷங்களையும் விட்டு வைக்கல. கோழி, புறா மாதிரியே நம்ம குழந்தைங்களும் பிறக்கறதுக்கு முன்னாடி கடைசி வாரங்கள்லயும் பிறந்து ஆறு மாசமும் தலைய வலது பக்கம் திருப்பத்தான் விரும்புதுங்க. அது பெரியவங்க ஆனா போயிடுதான்னு தெரிஞ்சுக்க அமெரிக்கா, ஜெர்மனி, துருக்கின்னு ஏர்போர்ட், ரயில்வே ஸ்டேஷன், பீச், பார்க்ல நின்னு முத்தம் குடுக்குற ஜோடிகள எண்ணினார். 124 ஜோடியில 80 ஜோடி தலைய வலது பக்கம் சாய்ச்சது. 2003ல நேச்சர்ல வந்தது. நம்ம ஊர் ஸ்டேஷன்ல நின்னு இப்படி நோட்டு போட்டு எண்ணினா என்ன ஆகும்னு நினைச்சுப் பாத்தேன், வேண்டாம்.

கேள்வி: சார், நான் ஒன்பதாவது படிக்கிறேன். எங்க பாட்டி வீட்டுல அடைக்கோழியும் இருக்கு, மாமா வீட்டுல இன்குபேட்டரும் இருக்கு. இத நானே செஞ்சு பாக்க முடியுமா?

தம்பி, நீ அதிர்ஷ்டக்காரன், ரெண்டு கூட்டமும் கையிலயே இருக்கு. பொரிஞ்சு ஒரு வாரம் ஆன குஞ்சா எடுத்துக்க. ஒரு அட்டையில பொடி கல்லுங்கள பசை போட்டு ஒட்டிக்க, கல்லு அதுங்க முழுங்க முடியாதபடி அசையாம இருக்கணும். நடுவுல அதே சைஸ்ல தீவனத்த தூவு. கண்ண மூடறதுக்கு டேப்ப கண்ணு மேல ஒட்டிடாத, பேப்பர்ல சின்ன கூம்பு செஞ்சு கண்ணச் சுத்தி மட்டும் லேசா ஒட்டணும், உள்ள கண்ணு இமைக்க இடம் இருக்கணும். பாட்டியையோ மாமாவையோ பக்கத்துல வச்சுக்க, குஞ்சு பதறினா உடனே எடுத்துடு, தனியா விட்டா கத்தும், பக்கத்துல கூட்டாளி ஒண்ணு தெரியுற மாதிரி வை.

ராஜர்ஸ் 60 கொத்து எண்ணுவாங்க. நீயும் 60 எண்ணு, இருபது இருபதா மூணா பிரிச்சுக்க. நல்லா கத்துக்கிட்ட குஞ்சு கடைசி இருபதுல கல்ல கொத்துறத குறைச்சிருக்கும். ஒரு நாள் வலது கண்ண மூடி ஒரு கூட்டத்துக்கு, இடது கண்ண மூடி வேற கூட்டத்துக்கு, ஒரே குஞ்ச ரெண்டுக்கும் பயன்படுத்தினா மொத நாள் கத்துக்கிட்டது ரெண்டாம் நாள் கலந்துடும். பாட்டிக் கோழிக் குஞ்சு தனி பக்கம், மாமா மெஷின் குஞ்சு தனி பக்கம்னு நோட்டுல கோடு போட்டுக்க. மாமா மெஷினுக்கு கண்ணாடி ஜன்னல் இருக்கான்னு மொதல்ல பாரு, இருந்தா அது இருட்டு கணக்குல வராது, கடைசி நாலஞ்சு நாள் மேல கருப்புத் துணி போடச் சொல்லு. காத்து துவாரத்த மட்டும் மூடிடாதீங்க. மொத இருபதுல கல்லு எத்தன, கடைசி இருபதுல எத்தன, ஒவ்வொரு குஞ்சுக்கும் தனித்தனியா எழுதி அனுப்பு, எதிர்பார்த்த மாதிரி வரலன்னாலும் அப்படியே அனுப்பு.